முதல் ஆணியில் தொங்கும் செய்தி

லிங்கேஸ்வரன் அரைத்தூக்கத்தில் பேப்பர்களோடு வரும் தலைப்புச் செய்தி போஸ்டர்களை மடித்துக்கொண்டிருக்கிறார். மார்க்கையன்கோட்டையில் பேப்பர் ஏஜென்ட். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு போஸ்டரின் அடிப்பக்கத்தையும் நான்கு விரல் அகலம் மடித்து, அதற்குள் ஒரு குச்சியைச் செருகி, டீக்கடை முகப்பில் மாட்டுவார். அங்கே ஐந்து ஆணிகள். முதல் ஆணி, டீ குடிப்பவர்களின் கண்ணுக்கு நேரே இருக்கும்.

“மொத ஆணியில எது தொங்குதோ, அதுதான்யா அன்னைக்கு ஊருப் பேச்சு,” என்பார். பொய்யில்லை. நடிகையின் கல்யாணத்தை அங்கே மாட்டினால், களையெடுக்கப் போகிறவர்கள்கூடத் தாங்களே சீர் சுமக்கிறாற்போல அதைப் பேசிக்கொண்டு போவார்கள். எங்கோ நடக்கும் சண்டையைக் கடைசி ஆணிக்குத் தள்ளினால் ஊரைப் பொறுத்தவரை சண்டை ஓய்ந்துவிடும். மலையிலிருந்து மஞ்சு இறங்கும் அந்த வேளையில், பொழுதே தம் கையால்தான் விடிகிறது என்று அவருக்கு ஒரு கிறக்கம். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் ஊரும் இருந்தது.

போன வாரம் முதல் ஆணியில் ‘வாய்க்காலில் நாளை தண்ணீர்’ தொங்கியது. மூன்றாம் நாள் காலையில் பிச்சையம்மாள் வந்து நின்றார்.

“பேப்பர்லயே வந்துருச்சேன்னு வெதநெல்ல ஊறப்போட்டேன்யா. மொளை விட்டுருச்சு. வாய்க்கா காஞ்சு கெடக்கு. இன்னைக்கு நாத்தங்கால்ல பாவலைன்னா அம்புட்டும் வீணு.”

லிங்கேஸ்வரன் பழைய கட்டிலிருந்து அந்தப் போஸ்டரை உருவி, மடிப்பைப் பிரித்தார். அடிவரியில் தன்னந்தனியாக, மூன்று விரல் உயரத்தில் ஒரு கேள்விக்குறி.

“பேப்பர்காரவுக கேள்வியாத்தான் கேட்டுருக்காக ஆத்தா. நாந்தான் மடிச்சுப்புட்டேன்.”

அன்றைய நடிகர் போஸ்டரைத் திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கத்தில் விரலால் மை தொட்டுக் கோணல்மாணலாக எழுதினார்: ‘பிச்சையம்மாள் நாற்றங்காலுக்கு இன்றே தண்ணீர் வேண்டும்.’ ஈரம் காயும் முன்பே முதல் ஆணியில் மாட்டினார்.

கிணறும் மோட்டாரும் வைத்திருக்கும் தங்கப்பாண்டியன் டீக்கு வந்தவர், நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தக் காய்ந்த நாற்றங்காலின் வரப்பில்தான் மூன்று நாளாக அவர் போய்வருகிறார்.

“என்னண்ணே, இம்புட்டுப் பெரிய சேதியா!” மோட்டார் ரூம் சாவிக்காக மடியைத் தடவியபடியே கேட்டார். “எந்தப் பேப்பர்ல வந்துருக்கு?”

லிங்கேஸ்வரன் மை அப்பிய விரலைத் தம் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.