கிரகணம் பார்க்கப் போன குணம் அண்ணை

ஆர்க்டிக் கடலுக்குக் கப்பலில் போய், முழுச் சூரிய கிரகணம் பார்த்துவிட்டு வந்திருக்கும் குணம் அண்ணையை இன்று லண்டனில், ஹரோ போகும் பஸ்ஸில் சந்தித்தேன்.

"எப்பிடியண்ணை இருந்தது?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நிழல் ஐஸுக்கு மேலால எங்களை நோக்கி ஓடி வந்தது. பறவையள் எல்லாம் ஒரேயடியாச் சத்தத்தை நிப்பாட்டிட்டுதுகள். பிறகு எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஊரில குண்டு போடப் பொம்மர் வரேக்கை படுக்கிற மாதிரி, காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்திட்டன்."

"மற்ற ஆக்கள்?"

"வெள்ளையள் மேல பாத்துக் கை தட்டினவையாம்."

"அப்ப நீங்கள் கிரகணம் பாக்கேல்லையோ?"

"இல்லை. எழும்பேக்கை வெளிச்சம் வந்திட்டுது. வைர மோதிரம் மாதிரி இருந்ததெண்டு என்ரை மனிசி எல்லாருக்கும் சொல்லித் திரியிறா. அவவும் எனக்குப் பக்கத்தில குப்புறத்தான் கிடந்தவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அப்போது பஸ்ஸுக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் தாழப் பறந்தது.

சிரிப்பு நின்றது. மற்றவர்கள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் சீட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தோம்.

லண்டன் பஸ்ஸில் ஒரு ஆள் படுக்க இடம் போதாது. ரெயிலில் இடம் பார்த்து வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.