தாயைச் சாகவிடுவாள் என்று என்னைச் சொன்னார்கள்

ஆறு வருஷம் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமில், 1989 மழைக்காலத்தில் ஒரு காலை, என் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒரு கர்ப்பிணிகூட இல்லை. எதிர் அறைக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். காலையில் மட்டும் வந்துபோகும் புது டாக்டருக்கு அந்த அறை.

"உங்க பேஷண்ட்ஸ எல்லாம் அங்க அனுப்பச் சொல்லிட்டாரு மேடம், பெரிய டாக்டர்" என்றாள் ரிசப்ஷன் பெண். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

விசுவாசிகளே, நான் மகப்பேறு மருத்துவர். மேற்குத் தாம்பரத்தில் இருந்தது அந்த நர்ஸிங் ஹோம். கருக்கலைப்பு செய்ய மாட்டேன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்ய மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தேன். நிறுவனர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடுபவர், அன்றைக்குச் சிரித்தார். "பிரசவம் பாருங்க, போதும்" என்றார். ஸ்கேன் மெஷின் வாங்கிய பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஜூன் மாதம் ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். வயிற்றில் இருப்பதும் பெண் என்று ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். மாமியார்தான் பேசினார். நான் முடியாது என்றேன். அவர்கள் வெளியே போவதற்குள் பெரிய டாக்டர் உள்ளே வந்தார்.

"சட்டமே கலைக்கலாம்ங்குது. நீங்க டாக்டரா, மதரா? உங்க பைபிளை வீட்ல வெச்சிட்டு வாங்க."

"வீட்ல வெச்சிட்டு வர்ற மாதிரி இல்ல சார்" என்றேன். அத்துடன் அங்கே என் நல்ல காலம் முடிந்தது.

மறுநாளிலிருந்து, கன்னியாஸ்திரியைக் கூப்பிடுவதுபோல, என்னைக் கேலியாக 'மதர்' என்றார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நர்ஸுகள் நான் கேட்ட கருவியைத் தாமதமாகக் கொடுத்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மணிவண்ணன். கறுப்புச் சட்டைக்காரர், கடவுள் இல்லை என்பவர். ஒருநாள் கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தம்மாகிட்ட போனா தாய் செத்தாலும் பரவாயில்லன்னு விட்டுடுவாங்க. அவங்க மதம் அப்படி." அது பொய். ஆனால் ஆயாக்கள் அதைக் கேட்டார்கள். ஆயாக்கள் வழியாக முடிச்சூர் ரோடு முழுவதும் போனது.

என் கணவர் பள்ளி ஆசிரியர். "விட்டுட்டு வந்துடு, ரோஸி" என்றார். நான் விடவில்லை. பிடிவாதம் என்று இன்று தெரிகிறது. தினமும் ஆறு மணிப் பூசைக்குப் போனேன். போய் என்ன செபித்தேன் தெரியுமா? பெரிய டாக்டரையும் மணிவண்ணனையும் அவமானப்படுத்தும் ஆண்டவரே என்றுதான். செபமாலை கையில், மனதில் விஷம். ஜூனில் வயிற்றில் பெண் குழந்தையோடு வந்த அந்தத் தாயிடமும் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவள் அழுதாள். உட்காரச் சொல்லக்கூட இல்லை. முடியாது என்று சொன்னதில் எனக்கு ஒரு கர்வம். அவள் எங்கே போனாள், என்ன ஆனாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நவம்பரில் மூன்று நாள் மழை. பெரிய டாக்டர் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். புது டாக்டர் காலையிலேயே கிளம்பிவிட்டார். மத்தியானம் ஆட்டோவில் செல்வி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்து நான்கு வயது. உதடு வெள்ளை. நாடி கைக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் தள்ளிப்போயிருக்கிறது, காலையில் வயிற்றுவலி வந்து மயங்கி விழுந்தாள் என்றார்கள். ஊசி போட்டு இழுத்துப் பார்த்தேன். வயிற்றுக்குள் இரத்தம். கரு, கருப்பையில் தங்காமல் குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்திருக்கிறது.

குழந்தை அங்கே பிழைக்க வழியே இல்லை. வெடித்த குழாயை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். எங்கள் திருச்சபை இதைத் தடுக்கவில்லை. கருக்கலைப்பு வேறு, இது வேறு. ஆனால் அதை விளக்க எனக்கு நேரம் இல்லை. செல்வியின் கணவர் தேவராஜ் கதவை மறித்து நின்றார்.

"இந்தம்மா வாணாம். தாயி செத்தாலும் பரவால்லன்னு வுட்டுடுமாம். எங்க தெருவுல அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. நான் பட்டணத்துக்கு இட்டுனு போறேன்."

"ரோட்டுல தண்ணி நிக்குது தம்பி. போய்ச் சேர மாட்டாங்க" என்றேன்.

"கையெழுத்து போட மாட்டேன்" என்றார்.

நான் செல்வியின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான், ஐந்து மாதத்தில் முதல்முறையாக, உண்மையாகச் செபித்தேன். ஆண்டவரே, என் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். இந்தப் பெண்ணின் உயிரை மட்டும் கொடும். அவ்வளவுதான்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. மணிவண்ணன், தியேட்டர் உடையில் நின்றார்.

"யோவ், உங்க தெருவுக்கு அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? நான் சொன்னது. கோவத்துல பொய் சொன்னேன். இவங்க ஆறு வருஷமா ஆபரேஷன் பண்றதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் நான். என் பொண்டாட்டியா இருந்தா இவங்ககிட்டதான் குடுப்பேன். போடு கையெழுத்து."

தேவராஜ் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டார்.

வயிற்றைத் திறந்தபோது இரத்தம் பொங்கி வந்தது. ஏற்ற இரத்தம் இல்லை. மழையில் வாங்கிவரவும் வழியில்லை. மணிவண்ணன்தான் சொன்னார், வயிற்றில் தேங்கிய அவளுடைய இரத்தத்தையே ஏற்றிவிடலாம் என்று. கிருமி நீக்கிய துணியை அடுக்கடுக்காக மடித்து, கரண்டியால் அள்ளி வடிகட்டி, பாட்டிலில் பிடித்து, அவளுக்கே திருப்பி ஏற்றினோம். தாமதமாகக் கருவி கொடுத்த அதே நர்ஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் குழாயைக் கட்டி எடுத்தேன். "பிரஷர் ஏறுது" என்று அவர் சொன்னபோது என் முகக்கவசம் நனைந்திருந்தது.

எட்டாம் நாள் செல்வி நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசை. ஆகவில்லை. மதுரையிலிருந்து திரும்பிய பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு கேஸ் காப்பாத்திட்டா போதுமா? இது என் இடம். என் ரூல்படி நடக்கறவங்க இருந்தா போதும்." அந்த மாதக் கடைசியில் நான் வெளியே. தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அவமானப்பட வேண்டும் என்று நான் யாருக்காகக் கேட்டேனோ, அவர்கள் யாரும் அவமானப்படவில்லை.

சேலையூரில் இரண்டு அறை எடுத்துச் சொந்தமாக ஆரம்பித்தேன். முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். மயக்க மருந்துக்கு மணிவண்ணன் வந்தார். "உங்க சாமிய நான் ஒத்துக்கல மேடம். உங்க கைய ஒத்துக்கறேன்" என்பார். இன்றும் கோயிலுக்கு வரமாட்டார். சண்டையும் போடுவார்.

நான்தான் மாறினேன். கலைக்க வேண்டும் என்று வருகிற பெண்ணை இப்போது உட்காரவைக்கிறேன். தண்ணீர் கொடுக்கிறேன். யார் அடிக்கிறார்கள், யாருக்குப் பயம் என்று கேட்கிறேன். முடியாது என்பதைக் கடைசியில்தான் சொல்கிறேன். பிறகும் அவள் கூடவே இருக்கிறேன். சிலர் திரும்பி வருகிறார்கள், சிலர் வருவதில்லை. என்னைத் திட்டுகிறவர்கள் குறையவில்லை. போன வாரம்கூட ஒரு மாமியார் என் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார்.

உங்களில் நர்ஸாக, டாக்டராக, மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். மனசாட்சிக்காகத் தனியாக நிற்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் பெயரைக் காப்பாற்றச் சொல்லி ஆண்டவரிடம் கேட்காதீர்கள். உங்கள் முன்னால் படுத்திருக்கிறவரின் உயிரைக் கேளுங்கள். நான் கேட்டேன். தந்தார். அவருடைய இரக்கத்துக்கு நன்றி சொல்லி முடியாது.