முகத்துவாரத்தில் ஒரு பெறுமானம்

ஒரு பொருளின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்று சொன்னால், உள்ளே போகாமலே நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் எங்கள் தொழில். எல்லைப் பெறுமானக் கணக்குகள் என்று இதற்குப் பெயர். வளைகிற தகடு, தொய்கிற துணி, ஓடுகிற தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வைத்தியம். பிரயோக கணிதம் படித்து, அதை வீட்டாருக்கு விளங்கப்படுத்தப் போய்த் தோற்றுப்போன சகோதர சகோதரிகளே, நீங்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். மற்றவர்களும் வரலாம், சமன்பாடு ஒன்றும் எழுத மாட்டேன்.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். யுத்தம் எங்களை ஊரோடு கிளப்பிக் கற்பிட்டிக் கரையில் இறக்கியபோது என் பையில் இருந்தது ஒரு மாற்றுச் சாரமும் பாதி எழுதிய முதுமாணிப் பட்ட ஆய்வும்தான். தில்லையடி அகதி முகாமில் குடிசை போட்டேன். பக்கத்துக் கொட்டிலில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஆய்வின் முதல் பாதி மீள்தன்மை, அது முடிந்திருந்தது. மறு பாதி நீரோட்டம். அதற்கு முதலில் எங்கள் ஊர்க் கடலைத்தான் எடுத்திருந்தேன். அது கைவிட்டுப் போனதால், கடல்நீர் புகுந்து நிற்கும் புத்தளம் களப்பை எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் அரிசியும் மாவும் நிவாரணமாகக் கிடைத்தன, எனக்கு ஒரு களப்பும் சேர்த்துக் கிடைத்தது.

தறப்பாள்

முகாமில் எல்லார் கூரையும் நிவாரணத் தறப்பாள்தான். நாலு ஓரமும் இறுகக் கட்டிய துணியில் பாரம் ஏறினால் எங்கே எவ்வளவு தொய்யும் என்பது எங்கள் பாடப்புத்தகங்களின் செல்லக் கணக்கு. ஒரு மழைநாள் பின்னேரம், பக்கத்துக் குடிசை றஹ்மா ராத்தாவின் கூரை தண்ணீர் தேங்கி வயிறு தள்ளி நிற்பதைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. கொப்பியோடு போய் அவர் வாசலில் குந்தினேன். நீள அகலம் கேட்டேன். ஓரங்களில் தொய்வு பூச்சியம் எனக் கொண்டேன். மழையும் விடவில்லை, நானும் விடவில்லை.

கடைசியில் நிமிர்ந்து, "ராத்தா, ஆகக் கூடின தொய்வு சரியா நடுவிலதான் வரும்" என்று அறிவித்தேன். அந்த நேரம் பார்த்து நடு பிய்ந்து கொட்டியது. தலையிலிருந்து வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தபடி ராத்தா சொன்னார்:

"நடுவிலதான் மாஸ்டர் நான் படுக்குற. இதச் சொல்லவா இவ்வளவு தாள் முடிச்சீங்க? அந்த நேரத்துக்கு ஒரு கம்ப எடுத்து முட்டுக் குடுத்திருக்கலாமே!"

நிபந்தனை

இந்த அழகில் எனக்குக் கல்யாணமும் பேசினார்கள். பெண் பரீதா, கற்பிட்டியில் கணித டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில், பலகாரத் தட்டை வைத்துவிட்டு அவர் என் களப்புக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓரத்தில தண்ணியின்ட மட்டம் தெரியுமா, இல்லாட்டி ஓட்டம் மட்டும்தான் தெரியுமா?" எங்கள் தொழிலில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அந்தக் கேள்வியில் விழுந்தவன் நான், இன்றுவரை எழும்பவில்லை. "ஓட்டம் மட்டும்தான்" என்றேன். அவர் உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அவருடைய வாப்பா ஒரு ஹாஜியார். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருந்தார். என் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். அந்தக் 'கொஞ்சம்' அவருக்குப் பிடிக்கவில்லை.

"கணக்கு எண்டா முடியணும் மாஸ்டர். முடிச்சிட்டு வாங்க, நிக்காஹ்வ வைப்பம். முடியாத கணக்குக்கு நான் மகளக் குடுக்க ஏலாது."

பனைமர உயரம்

பரீதா ஏன் உச்சுக் கொட்டினார் என்பது எனக்குச் சீக்கிரமே விளங்கியது. ஓரங்களில் ஓட்டம் மட்டும் தெரிந்தால், விடையில் ஒரு மாறிலி மிஞ்சிவிடும். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நீர்மட்டம் எவ்வளவு வித்தியாசம் என்று அச்சொட்டாகச் சொல்வேன். ஆனால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்டால் கையை விரிப்பேன். இதே நோயால் கஷ்டப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். இரவும் பகலும் பாடுபட்டு ஒரு விடையைப் பெற்ற பிறகு, அது எல்லா விடையும்தான் என்று அறிவதைப் போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

கொழும்பில் என் பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐசே, விடை நல்ல வடிவா இருக்கு. ஆனா இதின்படி களப்பு பனைமர உயரத்திலயும் இருக்கலாம். முகத்துவாரத்தில ஒரே ஒரு மட்டத்தை அளந்துகொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்."

அம்புக்குறிகள்

ஆகவே என் கல்யாணத்துக்கும் எனக்கும் இடையில் ஒரே ஒரு பெறுமானம்தான் நின்றது. சிவப்பும் வெள்ளையுமாக அளவுக்கோடு தீட்டிய கம்பு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, களப்பின் வரைபடத்தோடு முகத்துவாரத்துக்குப் புறப்பட்டேன். முகத்துவாரத்துக்கு முன்னால் கடற்படை முகாம். வடக்கு அடையாள அட்டை வைத்திருந்தவன் களப்பு வரைபடத்தோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அந்த நாட்களில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும்.

வாசலில் என்னை மறித்த சிங்கள அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நீரோட்டத்தைக் காட்ட நாங்கள் அம்புக்குறி போடுவது வழக்கம். நான் கொண்டுபோனது பெருக்கு நேரத்துப் படம். கடலிலிருந்து புறப்பட்ட அம்புகள் எல்லாம் நெருங்கி நெருங்கி, நேரே அவருடைய முகாமைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. "எத்தனை போட் வருது?" என்று கேட்டார். தண்ணீர் என்றேன். நம்பவில்லை. அவசரமாகப் பையைக் கிளறி வற்று நேரத்துப் படத்தை எடுத்து நீட்டினேன். அதில் அம்புகள் எல்லாம் முகாமைவிட்டுக் கடலை நோக்கிப் போயின. கனநேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. கம்பைப் பறித்து வைத்துக்கொண்டு, இனி இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது, தண்ணீரில் யாரும் கம்போ கொடியோ நடக் கூடாது என்றார். படத்தைத் தட்டிக் காட்டி முடித்தார்:

"இது ஹொந்தய், நல்லது. இதில எல்லாரும் ஓடிப் போறது. மாஸ்டரும் அப்பிடியே போங்க."

இரண்டு கோடுகள்

கடையொன்றிலிருந்து பரீதாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாம் முடிந்தது என்றேன். ஊர் போனபோது அழாதவன் ஒரு மாறிலிக்காக அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்புதானே நடக் கூடாதாம்? ஆள் நிக்கலாம்தானே?" என்றார்.

அடுத்த கிழமை ஹாஜியார் என் குடிசை வாசலில் வந்து இறங்கினார். முகத்தில் கடுகு வெடித்தது. கதிரையில் அமர்ந்து, சாரத்தைத் தூக்கிக் கால்களைக் காட்டினார். வலது காலில் முழங்காலுக்கு மேலே நீல மையால் ஒரு கோடு. இடது காலில் கெண்டைக்காலுக்குக் குறுக்கே இன்னொரு கோடு. வாடிக்கு முன்னால் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் கடல்மட்டத்திலிருந்து உயரம் குறித்த பழைய நில அளவைக் கல் ஒன்று இருக்கிறது. மகள் அவரை அதன் பக்கத்தில் பெருக்கு நேரத்திலும் வற்று நேரத்திலும் நிறுத்தி, ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டிருக்கிறார். காவலுக்கு நின்ற சிப்பாய் கேட்டதற்கு, கால் உளைவுக்கு உப்புத்தண்ணீர் நல்லது என்று மகள்தான் சொன்னாராம்.

றஹ்மா ராத்தா தையல் நாடா கொண்டுவந்து தந்தார். நான் மண்ணில் முழந்தாளிட்டு ஒரு ஹாஜியாரின் கால்களை அளந்தேன். கண் கலங்கி இலக்கம் இரண்டாகத் தெரிந்ததால் மறுபடியும் அளந்தேன். அதுவரை 'மாஸ்டர்' என்பதைத் தாண்டி என்னை ஒன்றும் கூப்பிடாத மனிதர், என் தலைக்கு மேலே உறுமினார்:

"வடிவா அளந்துக்கங்க, மருமகன். இனி ஒருக்கா என்னத் தண்ணிக்குள்ள நிப்பாட்டினா, கணக்கும் வேணாம் ஒண்டும் வேணாம், அடுத்த நாளே நிக்காஹ்வ முடிச்சிப் போட்டிருவன்!"

பரீட்சகர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை: புத்தளம் களப்பின் நீர்மட்டம் பற்றி நான் பட்டம் வாங்கிய விடை முழுவதும் இன்றுவரை என் மாமாவின் கால்களில்தான் நிற்கிறது.