நீராவித் தாரையின் நிழல்

உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்த வருஷங்களில், வாரத்தில் ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. அந்த நாளையும் அரிசி மில்லில் தொலைத்தேன்.

மில் வாலாஜாபாத் சாலையில் இருந்தது. நெல் அவிப்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் பாய்லரில் நெருப்பு இருக்கும். முதலாளி என் தகப்பனாருக்குப் பழக்கமானவர். கொஞ்சம் நீராவி எடுத்துக்கொள்ள அனுமதித்தார். முனை குறுகிய ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தி அதன் வழியே நீராவியைச் சீறவிட்டேன். அழுத்தம் மிகுந்தால் தாரை ஒரே சீராக வெளியேறாது. விரிந்து, சுருங்கி, மறுபடி விரியும். ஒலியையும் மிஞ்சிய அந்த வேகத்தில் அதற்குள் அதிர்ச்சி அலைகள் நிற்கும். இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் இரண்டு பத்தி படித்திருந்தேன். அழுத்தம் கூடக்கூட அலைகளின் இடைவெளி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

கொட்டகையின் தகரத்தில் ஓட்டை போட்டு, காலை வெயிலைத் தாரையின் மேல் விழச் செய்தோம். எதிரே சட்டத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, என் மனைவி அதில் விழும் நிழலைப் பென்சிலால் வரைவாள். முதல் முறை அந்த அலைகள் சங்கிலி கோத்தாற்போல் பட்டைகளாகத் தெரிந்தபோது நான் அவளைக் கூவி அழைத்தேன். அந்தச் சீறலில் கேட்டிருக்காது. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். சீறலின் சுருதி மாறுவதைக் கேட்க வேண்டும் என்று நான் வைக்கவில்லை. ஓரிரு வருஷத்தில் என் இடது காது போயிற்று.

பாய்லரைப் பார்த்துக்கொண்ட சாயபு பொறுமைசாலி. ஒரு நாள் இன்னும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றச் சொன்னேன். "இதுக்கு மேல தாங்காது சார். அம்மா வேற பக்கத்துல நிக்கறாங்க" என்று வால்வை மூடிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

அலை இடைவெளியின் கணக்கு ஒருவாறு முடிந்ததும் பட்டணத்தில் ஒரு புரொபசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிதானமாகப் பார்த்தவர், எழுந்துபோய் ஒரு பழைய ஜெர்மன் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார். ஜெர்மன் எனக்குத் தெரியாது. படங்கள் தெரிந்தன. எங்கள் வேட்டியில் விழுந்த அதே பட்டைகள், அதே வளைவு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கச் சேருமுன்பே யாரோ பார்த்து முடித்துவிட்டிருந்தார்கள். அவர் வருத்தத்தோடு காப்பி வரவழைத்தார்.

செங்கல்பட்டில் வண்டி மாறி, கருடசேவைக்கு வரும் கூட்டத்தில் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன். கால் கடுத்தது. அதைவிட, யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து அவள் கேட்டது இதுதான்: "வர ஞாயித்துக்கிழமை போவணுமா, வாணாமா? சாயபுக்குச் சொல்லி அனுப்பணும்."

"இனிமே எதுக்கு?" என்றேன்.

"எனக்கும் கை நோவுதுங்க. ஆனா அந்தக் கடைசிப் பட்டை எங்க போய் மங்குதுன்னு இன்னும் சரியா வரையல. பாதில விட்டுட்டா அதே நெனப்பா இருக்கும்."

போனோம். மெதுவாக, அழித்து அழித்து, பட்டை கலைந்து வெறும் புகையாகும் இடம்வரை அவள் வரைந்து முடித்தாள். அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. குழாயைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, வண்டி பிடிக்கத் தெம்பில்லாமல் நின்று, பிறகு பிடித்து வந்தோம். அதற்கடுத்த ஞாயிறு இருவரும் வெயில் ஏறும்வரை தூங்கினோம்.