இரத்தக் காட்டேரியும் என் நாற்காலியும்

என் நாற்காலியின் கைகள் இரண்டிலும் கயிறு அழுந்திய தடம் இருக்கிறது. தேக்கில் செய்து பிரம்பு பின்னிய நாற்காலி அது. மெருகு தீட்ட வந்த தச்சர் அந்தத் தடத்தையும் தேய்த்து மறைத்துத் தரவா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டதற்கு நான் விடை கூறவில்லை. இப்போது கூறுகிறேன்.

அதற்கு முன் நான் எந்நிலையில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். பதுளையில் கல்லூரிப் படிப்பை முறையாக முடித்தவன். எங்கள் பரம்பரையில் அவ்வாறு முடித்த முதல் ஆள். தோட்டத்துத் திருச்சபையின் செயலாளரும் நானே. தோட்டத்தின் மேலாளரான துரை தமது முக்கியமான கடிதங்களை என்னைக் கொண்டே எழுதுவித்தார். மாலையில் நான் வீட்டு முன்கூடத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிறவர்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் பேசுவார்கள். அதில் என்னையன்றி வேறு எவரும் உட்கார்ந்ததில்லை. என் மனைவிகூட உட்கார்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் மொனராகலையில் வேலையாக இருந்தார். அந்த மழைக்காலத்தில் தோட்டத்துக்குக் கீழே பாதை சரிந்து லொறிப் போக்குவரத்து நின்றுபோனது. குறித்த நாளுக்கு முன்பே பிள்ளையும் பிறந்துவிட்டது. தோட்டத்து மருத்துவச்சி தாமே பிரசவ விடுமுறையில் போயிருந்தார். என் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்து எடுத்தார்கள். பெண் குழந்தை, சுகமாக இருந்தது. தாய்தான் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரத்தில் அவளுடைய உதடும் நகமும் மெழுகு நிறமாயின. படுக்கையிலிருந்து கதவு வரை நடந்தால் மூச்சு வாங்கியது. ஒருநாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காய்ந்த அடுப்பு மண்ணைப் பெயர்த்து அவள் தின்பதை என் மனைவி கண்டாள்.

மண் தின்ற செய்தி லயங்களுக்குப் போய்விட்டது. எங்கள் தோட்டங்களில் இரத்தக் காட்டேரி என்று ஒன்றைச் சொல்வார்கள். பிள்ளை பெற்ற உடம்பைத் தேடி வரும். மேலே ஒரு கீறலும் இராது. உள்ளே இரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விடும். அது பிடித்தவள் வெளுப்பாள், மண் தின்பாள், ஒருநாள் விழிக்கமாட்டாள். அதைக் கட்டுவதற்குக் கோடங்கி என்று ஒருவர் கீழ் லயத்தில் இருந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்வார், கயிறு மந்திரித்துக் கட்டுவார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கிற வகை மனிதன். கல்லூரியில் படித்தவன் காட்டேரிக்குப் பயப்படுவதா என்று, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவ்வளவு சொன்ன நான் செய்த காரியம் இது. பட்டணத்திலிருந்து ஒரு பிரசங்கியார் அந்த நாட்களில் எங்கள் பகுதிக்கு வந்து கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி கட்டியவர், நல்ல தமிழ் பேசுகிறவர். அவரை வீட்டுக்கு அழைத்தேன். என் மகளின் தலையில் கைவைத்து, இவளை இரத்தம் குடிக்கும் ஆவி பற்றியிருக்கிறது என்றார். வீட்டார் அனைவரும் ஏழு நாள் உபவாசம் இருக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும், அதற்குள் மருந்தைத் தேடுவது அவிசுவாசம் என்றார். வேத வசனங்களைச் சரளமாக எடுத்துச் சொன்னார். நான் தலையசைத்தேன். ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து அந்த ஏழு நாள் உபவாசத்தைச் சபைக்கு அறிவித்தேன். அறிவித்த பின் நடுவில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால் என் விசுவாசம் சபையில் என்ன பெயர் எடுக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மகளின் முகம் அதற்குப் பிறகுதான் தோன்றியது.

நான்காம் நாள் காலையில் உபதேசியார் வந்தார். எங்கள் சிறிய ஆலயத்தில் ஆராதனை நடத்துகிறவர் அவர். லயத்தில் பிறந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சில காலம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அவர் எழுதும் அறிக்கைகளின் பிழைகளை நான் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பேன், பணிவோடு வாங்கிக்கொள்வார். அன்று அவர் படிக்கட்டின் கீழ் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, கட்டிலருகில் முழந்தாளிட்டார். ஜெபிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடினேன். அவர் ஜெபிக்கவில்லை. என் மகளின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பாப்பா, ஒனக்கு என்னம்மா செய்யுது?"

அந்த மூன்று வாரத்தில் அவளிடம் அதை எவரும் கேட்டிருக்கவில்லை. அவளைப் பற்றி எல்லாரும் பேசினோம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்களும் நானும் வெளிய போயிருவோம். அம்மா மட்டும் கேக்கட்டும்" என்றார்.

சற்று நேரத்தில் என் மனைவி கதவருகே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து மகளுக்கு இரத்தப்போக்கு நிற்கவேயில்லையாம். நாளும் ஜெபத்துக்கு ஆண்கள் வந்துபோகிற வீட்டில் எப்படிச் சொல்வது என்று துணிகளைத் தானே ஒளித்துத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. "ஐயா, கோடங்கி சொன்னா அது மூடநம்பிக்கை. கழுத்துல பட்டி கட்டினவரு சொன்னா வேதமா? ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்றாங்க."

உபவாசம் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது, சபைக்கு அறிவித்தாயிற்று என்று நான் சொன்னேன். அந்தச் சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விடுவதும் முறையன்று.

"எஞ் சம்சாரத்தையும் காட்டேரின்னுதான் சொன்னாங்க. நான் வேதத்துல வந்த புதுசு. கயிறு கட்ட விடல, ஜெபந்தான் பண்ணேன். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகல, குழிக்குத்தான் கொண்டுபோனேன். காட்டேரி இருக்கா இல்லையான்னு என்னையக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. இருந்தா, அது ரத்தத்தைக் குடிக்கிறது. நாம கும்பிடுறவரு ரத்தத்தைக் குடுத்தவரு. அவருக்கு முன்னால இது எம்மாத்திரம்? பன்னெண்டு வருசம் ரத்தம் போயிப் பெரும்பாடு பட்ட ஒரு ஸ்திரீ வந்து அவரு வஸ்திரத்தைத் தொட்டாளே. எத்தனையோ பிசாச வெரட்டினவரு, அவகிட்ட பிசாசேன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? மகளேன்னுதானுங்க கூப்பிட்டாரு."

நான் அந்தப் பகுதியைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்தவன். ஆலயத்தில் பலமுறை வாசித்தும் காட்டியவன். அதில் பிசாசு இல்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படலாம் என்றபோது வேறொரு தடை வந்தது. என் மனைவி வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டாள். மகளின் கணுக்காலில், பாவாடை மறைப்பில், ஒன்பது முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு இருந்தது. பிரசங்கியார் வந்துபோன மறுநாளே கோடங்கியிடம் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டியிருக்கிறாள். முடிச்சுப் போட்டு மந்திரித்தவர் கையால் அவிழ்க்காமல் படி தாண்டினால் காட்டேரியும் கூடவே வருமாம்.

"என்னங்க, எம் புள்ள வழியில செத்துருவா. அவரு வந்து அவுக்கட்டும். அப்புறம் எங்க வேணா கொண்டுபோங்க."

கயிற்றை நானே அறுத்தெறியக் கையை ஓங்கினேன். உபதேசியார் என் கையைப் பிடித்தார். "வேணாங்க ஐயா. அறுத்தா பாப்பாவும் பயந்துரும். இருக்கிற உசுரு பயத்துலயே போயிரும்" என்று சொல்லிவிட்டு மழையில் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் கோடங்கியோடும் இரண்டு தொழிலாளிகளோடும் இரண்டு நீண்ட கம்புகளோடும் திரும்பி வந்தார். பின்பக்கமாக வரச் சொல்லுங்கள் என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன். பட்டப்பகல், எதிரே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்வாசல்ல நாக்காலி போகாதுங்க ஐயா" என்றார்.

எந்த நாற்காலி என்று நான் கேட்கவில்லை. வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

கோடங்கி முன்படிக்கட்டில் நின்று ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே, "வேதக்காரரு வீடு. உள்ள வரலாமா, ஒங்க சாமி கோவிச்சுக்குவாரா?" என்று உபதேசியாரைக் கேட்டார்.

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. கிளாக்கரய்யாதான் சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வா" என்றேன்.

கோடங்கி மடியிலிருந்த பாக்குவெட்டியால் கயிற்றை அறுத்தார். மந்திரம் ஏதும் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. "கட்டு அவுந்துருச்சு, தாயி. பயப்படாம போ. இனிமே டொக்டர் பாடு" என்று என் மகளிடம் சொன்னார். பிறகு எவரும் கேளாமலே நாற்காலியின் கைகளில் கம்புகளை வைத்து இறுக்கிக் கட்ட உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட கட்டின் தடத்தைத்தான் இந்தக் கைகளில் காண்கிறீர்கள்.

சரிவுக்கு அப்பால் லொறி வந்து நிற்கும் இடம் வரை இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம். மகளை நாற்காலியில் இருத்தி, முன்னால் ஒரு கம்பை உபதேசியாரும் மற்றதைக் கோடங்கியும் தோளில் ஏற்றினார்கள். பின்னால் தொழிலாளிகள் இருவர். என் மனைவி குழந்தையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மலையிலிருந்து ஒரு பெண், "ஏய், பெரிய கிளாக்கரய்யா நாக்காலிக்கு நாலு காலு பத்தலன்னு எட்டு மொளைச்சிருக்கு பாருடி" என்றாள். இன்னொருத்தி, "சும்மா கெடடி. பாப்பா மொகத்தப் பாரு" என்று அதட்டினாள். சரிவில் சேறு முழங்கால் வரை ஏறியது. உபதேசியாருக்கு ஓரிடத்தில் கால் வழுக்கியது. கோடங்கி ஒரு கையால் தம் கம்பையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு, "பாத்து, உபதேசியாரே. நீ விழுந்தா ரெண்டு சாமிக்கும் கெட்ட பேரு" என்றார். என் மகள் சிரித்தாள். அந்த மூன்று வாரத்தில் முதல் முறையாக.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் பரிசோதித்துவிட்டு, நஞ்சுக்கொடியின் சிறு துண்டு உள்ளே தங்கியிருக்கிறது, அதுதான் இரத்தத்தைப் போக்கிக்கொண்டிருக்கிறது, இரத்தம் குறைந்தவர்கள் மண் தின்பதும் உண்டு என்றார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பேசுவதற்கு ஒன்றும் இருந்திராது என்றார். இரத்தம் ஏற்ற வேண்டும், வந்தவர்களில் கொடுக்கக் கூடியவர்கள் கொடுங்கள் என்றார்கள். எனக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உபதேசியார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் மகள் பதினொரு நாளில் வீடு வந்தாள். இன்று தெமோதரையில் மூன்று பிள்ளைகளின் தாய்.

கோடங்கியோடு சேர்ந்து நடந்ததற்காகச் சபைக் கூட்டத்தில் உபதேசியாரிடம் விளக்கம் கேட்டார்கள். "ஒரு பக்கம் மட்டும் தூக்கினா நாக்காலி சாஞ்சிருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் வரச் சொன்னவன் நான்தான் என்று நான் எழுந்து சொன்னேன். என் வாழ்நாளில் சபையில் நான் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அது. அதற்குப் பிறகு அவருடைய அறிக்கைகளில் நான் சிவப்பு மை வைக்கவில்லை. பிழைகள் அப்படியே பேராயருக்குப் போயின. ஒரு குறையும் வரவில்லை.

அன்று போர்வைக்குள் இருந்த குழந்தை இப்போது, நான் ஓய்வுபெற்று வந்திருக்கும் பதுளையில், எங்களோடு தங்கிப் படிக்கிறாள். என் நாற்காலியில்தான் உட்காருகிறாள், அதுவும் காலை மடித்துக்கொண்டு. அலைபேசியில் வெளிநாட்டுத் தொடர் ஒன்று பார்க்கிறாள். வெளுத்த அழகான முகங்கள் பிறர் கழுத்தைக் கடித்து இரத்தம் குடிக்கின்றன. "தாத்தா, வேதக்காரங்க இதையெல்லாம் பார்க்கலாமா?" என்று ஒருநாள் கேட்டாள். பார்க்கலாம், பயப்படத் தேவையில்லை, ஆனால் ஒருத்தி வெளுத்துப்போனால் முதலில் அவளிடம் என்ன செய்கிறது என்று கேள் என்றேன். என் நம்பிக்கையின் பெரும்பகுதி இப்போது அவ்வளவுதான். அதை எனக்குக் கொடுத்தவர் உபதேசியார். நான் அவருக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. வணக்கம் சொல்லும்போது நாற்காலியைவிட்டு எழுந்திருப்பேன். அதை அவர் கவனித்தார் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் அவரை அடக்கம் செய்தோம். சுமந்தவர்களில் கோடங்கியின் மகனும் ஒருவன். அன்று மூவர் பேசினார்கள். பட்டணத்துப் பிரசங்கியாரின் ஜெபத்தால் என் வீட்டிலிருந்து இரத்தக் காட்டேரி ஓடிப்போனது என்றார் ஒருவர். உபதேசியார்தான் அதை விரட்டினார் என்றார் இன்னொருவர். கொட்டும் மழையில் உபதேசியாரும் பெரிய கிளாக்கரும் தோளோடு தோள் நின்று நாற்காலியைச் சுமந்தார்கள் என்று இளம் போதகர் கண்கலங்கச் சொன்னார்.

என் வீட்டிலிருந்து எதுவும் ஓடவில்லை. உபதேசியார் எதையும் விரட்டியதாக ஒருநாளும் சொன்னதில்லை. நாற்காலியைச் சுமந்தவர்கள் நால்வர். அவர்களில் நான் இல்லை. நான் குடை பிடித்துக்கொண்டு வந்தேன்.