அக்கா வீட்டு இருமல்

நீங்கள் எப்போதாவது நாய் மாதிரி இருமியிருக்கிறீர்களா? நான் இருமியிருக்கிறேன். அரை மணி நேரம், விடாமல், விழுப்புரத்தில், அக்கா குடியிருந்த மாடி வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அந்த வீட்டுக்காக அக்காவும் மாமாவும் ஐந்து மாதம் அலைந்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அக்கா டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர், ரிட்டயர்டு ஆள். சாவி கொடுக்கும்போது அவர் போட்டது ஒரே கண்டிஷன்: நாய் கூடாது. மூன்றாவது மாதம் மாமா ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மாமாவுக்கு மூளை அவ்வளவுதான்.

ஒன்பது நாளாக அக்கா அதை ஒளித்து வைத்திருந்தாள். டெக்னிக் சிம்பிள். குட்டி குரைத்தால் டிவி சத்தத்தை ஏற்ற வேண்டும். பத்தாம் நாள் இருவரும் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலேஜ் லீவில் திண்டிவனத்தில் சும்மா கிடந்த நான் மாட்டினேன்.

"ஒரே ஒரு நாள்டி. சாயங்காலம் வந்துடுவோம். ஓனருக்கு மட்டும் தெரிஞ்சுது, வீட்ட காலி பண்ண வெச்சிடுவாரு."

"ஒரு சோட்டா நாயி. இதுக்குப் போயி இன்னா பில்டப்பு குடுக்கற?"

எட்டரை மணிக்குள் அந்த சோட்டா நாய் என் ஒரு செருப்பைத் தின்று முடித்தது. இன்னொன்றைத் தின்னவில்லை, அதில் மூத்திரம் போனது. அக்காவின் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, என் காலைச் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே போனது. பிறகு துடைப்பத்தோடு சண்டை. துடைப்பம் தோற்றது. இவ்வளவுக்கும் குரைத்துக்கொண்டே இருந்தது. டிவி சீரியலில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். நான் ஏற்றிய ஏற்றத்தில் அவள் குடும்பக் கஷ்டம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் பவர் கட். விழுப்புரத்துக்கும் அதே டைம்தான் என்று நினைத்திருந்தேன். மாமியார் பாதி அழுகையில் காணாமல் போனாள். குட்டி, நின்றுபோன ஃபேனை அண்ணாந்து பார்த்துக் குரைத்தது.

"மேல இன்னாம்மா சத்தம்?" கீழேயிருந்து ஓனர்.

"நான்தான் அங்கிள்! இருமலு!"

குட்டி குரைத்தது. அதைவிடச் சத்தமாக நான் இருமினேன்.

"ரொம்ப மோசமா இருக்குதே. கஷாயம் வெச்சி எடுத்தாரவா?"

"வேணாம் அங்கிள்! உங்களுக்கும் ஒட்டிக்கும்!"

பத்தரைக்கு என் தொண்டை செத்துவிட்டது. பவர் கட் என்றால் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வரை கரண்ட் வராது. ஒரே வழிதான், குட்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது. யார் கல்யாணத்திலோ கொடுத்த கட்டைப்பை ஒன்று கிடைத்தது. குட்டிக்குப் பாலை ஊற்றி, அசந்த நேரத்தில் பைக்குள் இறக்கி, மேலே துண்டு போட்டு, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஓனர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நம் நேரம் நல்ல நேரம் என்று நினைத்தேன்.

திண்டிவனம் பஸ் கிளம்பும்போது ஓடிவந்து ஏறினார் ஓனர். பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, என் பக்கத்தில்.

"ஏம்மா, இருமிக்கினு எங்க கெளம்பிட்ட?"

"டாக்டர்கிட்ட அங்கிள். திண்டிவனத்துல."

"விழுப்புரத்துல டாக்டரே இல்லியா?"

அதற்குள் கண்டக்டர் வந்தார். பை லேசாக நெளிந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"பையில இன்னாம்மா?"

"நாட்டுக்கோழி."

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஓனர் நாட்டுக்கோழிக் குழம்பு பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டில் டிரைவர் சடன் பிரேக் போட்டார். கோழி குரைத்தது.

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பழக்கதோஷம், நான் இருமினேன்.

ஓனர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன் இருமலு கோழிக்கும் ஒட்டிக்கிச்சா?"

துண்டை உதறிவிட்டு எழுந்த குட்டி நேராக அவர் மடியில் தாவி மூக்கை நக்கியது. அவர் தள்ளிவிடவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து உடைத்து ஊட்டினார். "பாவம், உள்ள மூச்சு முட்டிக்கினு கெடந்திருக்குது பாரு."

எனக்கு உயிர் வந்தது. வீடு தப்பியது என்றே முடிவு கட்டினேன். அந்தத் தைரியத்தில் வாயை விட்டேன். "அக்கா மேல தப்பில்ல அங்கிள். மாமாதான் தூக்கினு வந்தாரு."

"எத்தினி நாளா?"

"ஒம்போது."

"அதான் அந்த சீரியலு அவ்ளோ சத்தமா ஓடிச்சா? நான் உங்க அக்காவுக்குக் காது கேக்கலன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

திண்டிவனம் வரை குட்டி அவர் மடியில்தான் இருந்தது. சட்டைப் பட்டன் ஒன்றைக் கடித்துத் துப்பியது. அதற்கும் சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கையில் கொடுத்து, காதை நீவிவிட்டார்.

"நல்ல குட்டிம்மா. இனிமே பையில கியில போடாத. அக்காவ இந்த மாசத்தோட வீட்ட காலி பண்ணச் சொல்லு."

"அங்கிள்! உங்களுக்குத்தான் நாயின்னா புடிக்குதே!"

"நாயின்னா எனக்கு உசுரு. ஆனா கண்டிஷன்னா கண்டிஷன்தாம்மா."

அக்கா இப்போது தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அவளும் மாமாவும் குட்டியும் என் ரூமில் இருக்கிறார்கள். நான் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.