ஏப்ரல் மாத வருகைப்பதிவு

முதுநகரில் ஜெயராணி குடியிருந்த அறையில் தட்டு ஒன்று, தம்ளர் இரண்டு. ஜோடியாகத்தான் தருவேன் என்று கடைக்காரர் சொன்னதால் வந்தது அந்த இரண்டாவது. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. வடலூரில் இருக்கும் தம்பி கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்.

2012 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை அவள் நாலு இட்லியை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளினாள். வெறும் வயிற்றோடு போனால் பத்து மணிக்குக் கை நடுங்கும். நடுங்கினால் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் முப்பத்திரண்டு கிராமங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் தொடங்க இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு திட்ட மேலாளர் வேண்டும். அந்த நேர்காணலுக்குத்தான் அவள் போனாள். வயது நாற்பத்தேழு. இது தவறினால் அடுத்தது துணிக்கடை வேலைதான், அதற்கும் இருபது வயதுப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள்.

அதற்கு முன் ஆறு வருடம் அண்ணாகிராமம் பக்கம், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மையம் ஒன்றுக்கு அவள் பொறுப்பாளர். முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போன நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு சமையற்காரி. டிசம்பர் கடைசியில் அடித்த ‘தானே’ புயலில் மையத்தின் கூரை போயிற்று. பதினைந்து நாளில் திட்டமும் முடிந்தது என்று கடிதம் வந்தது.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும், வழிகாட்டிப் புத்தகத்தில் படித்த பதிலை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "குழுவினருக்கு முன்மாதிரியாக இருந்து வழிநடத்தினேன்." பக்கத்துச் சீட்டுப் பெண் அதை ஜெபம் என்று நினைத்துச் சற்று ஒதுங்கி உட்கார்ந்தாள்.

வடக்கு வீதியில் ஒரு மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். சபாபதி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பிறகு சில வருடம் இப்படிப்பட்ட மையங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதியவர். ஸ்ரீமதி நிறுவனத்தின் அதிகாரி, முப்பது வயதிருக்கும்.

"லீடர்ஷிப் எக்ஸ்பீரியன்ஸுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க மேடம். டீம்ல ஒரு பிரச்சினை வந்துச்சு, நீங்க முன்ன நின்னு முடிச்சீங்க, அந்த மாதிரி."

ஜெயராணி மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். ஸ்ரீமதியின் பேனா அசையவில்லை.

அதற்குள் சபாபதி, அவள் சான்றுக்காகக் கொண்டுவந்திருந்த வருகைப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா இது? ஏப்ரல்ல நாப்பது பிள்ளைக்குப் பதினாறு. மே மாசம் பதினொண்ணு. நான் பாத்த மையத்துல எல்லாம் முப்பத்தெட்டுக்குக் கொறைஞ்சதே கெடையாது."

"முந்திரி சீசன் சார். பெத்தவங்க வந்து கூட்டிகினு போயிடுவாங்க."

"எல்லா மையத்துக்கும் அதே சீசன்தானே?"

"மத்தவங்க எழுதுனதுக்கு நான் பதில் சொல்ல முடியாது சார். பதினாறு பேரு இருந்தாங்க, பதினாறு எழுதுனேன்."

அந்தப் பதினாறால்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் அவளுடைய மையம் கடைசியாக நின்றது. வருகை ஏன் குறைவு என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஆசிரியைகளுக்கு மெமோ வந்தது. மூத்த ஆசிரியை மலர்க்கொடி நேராகவே கேட்டாள்: "வராத பிள்ளைக்கும் வந்ததா எல்லாரும் போடுறாங்க டீச்சர், நாமளும் போட்டா இன்னா? வானம் இடிஞ்சா விழுந்துடும்?" ஜெயராணி போடவில்லை. மறுநாளிலிருந்து ஆசிரியைகளும் சமையற்காரியும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். ஜெயராணி அலுவலக மேசையில் பதிவேட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள். இரண்டு வருடம். என்ன சொன்னாலும் பதில் ஒரே "சரிங்க."

ஸ்ரீமதி செல்போனை எடுத்தாள். "உங்களுக்குக் கீழ வேலை பாத்தவங்க ஒருத்தர் நம்பர் குடுங்க. இப்பவே பேசிடலாம்."

ஜெயராணி மலர்க்கொடியின் எண்ணைக் கொடுத்தாள். வேலையை நன்றாகத் தெரிந்தவள் யார் என்று யோசித்தாள், அவள் பெயர்தான் வந்தது. மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான், நல்லபடியாகச் சொல்லக்கூடிய ஆளைத்தான் கேட்டிருப்பார்கள் என்று உறைத்தது. அதற்குள் மலர்க்கொடி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

"ஜெயராணி டீச்சரா? அந்தம்மாகிட்ட வேலை பாத்ததுக்கு நானும் முந்திரிக்கொட்டையே ஒடைச்சிருக்கலாம். சிரிக்கத் தெரியாது. எங்களுக்கு மெமோ வந்துச்சு, ஏன்னு மேல ஒரு வார்த்த கேக்கல."

ஸ்ரீமதி அதைக் குறித்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று ஸ்ரீமதி கேட்டாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு இருக்குது. ஜூன்ல முந்திரி சீசன் முடிஞ்சதும், திரும்பி வராத பிள்ளைங்க பேரைச் சீட்டுல எழுதிகினு அந்தம்மா வீடு வீடாப் போவும். அமிர்தம்னு பன்னெண்டு வயசுப் பொண்ணு. மில் வேலைன்னு ஒருத்தன் திருப்பூருக்கு இட்டுகினு போயிட்டான். தெரிஞ்ச அன்னிக்கே அந்தம்மா பஸ் ஏறிப் போயி கூட்டியாந்துடுச்சு. பக்கத்து மையத்துப் பொண்ணு ஒண்ணும் அதே ஆளோட போச்சு. அவுங்க வருகை நோட்டுல அது ஆகஸ்ட் வரைக்கும் தெனமும் வந்ததா எழுதியிருக்குது. எங்க போச்சுன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியல."

சபாபதி பதிவேட்டை மூடினார். அவர் பார்த்த முப்பத்தெட்டுகளுக்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"இதை ஏன் மேடம் முதல்லயே சொல்லல?" என்றாள் ஸ்ரீமதி.

"நீங்க லீடர்ஷிப் பத்திதானே கேட்டீங்க? இது காணாமப் போன பிள்ளையத் தேடிகினு போனது."

அடுத்த புதன்கிழமை தபாலில் நியமன ஆணை வந்தது. ஜெயராணி இரண்டு முறை படித்தாள். சொல்ல ஆள் தேடினால் மலர்க்கொடிதான் இருந்தாள். போன் செய்தாள்.

"வேலை கெடைச்சிருச்சு மலர்க்கொடி. நீ சொன்னதாலதான்."

"ஒங்களுக்காவச் சொல்லல. கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன். அந்த மெமோவ நான் இன்னும் மறக்கல."

"மறக்க வேணாம். அன்னிக்கு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

மலர்க்கொடி, "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் முதல் வாரம் சிதம்பரத்தில் முப்பத்திரண்டு மைய ஆசிரியைகளுக்கும் முதல் கூட்டம். ஆளுக்கொரு பதிவேடு கொடுத்து ஜெயராணி சொன்னாள்: "வராத பிள்ளைக்கு வந்ததாப் போடக் கூடாது. கொறைஞ்சா கொறைஞ்சதுதான், மேல பதில் சொல்றது என் வேலை. உங்க யாருக்காவது மெமோ வந்தா மொதல்ல எங்கிட்ட கொண்டாங்க." பின்வரிசையில் யாரோ சலித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மதியம் அவர்கள் மின்விசிறிக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். குழம்பு கைமாறியது. நடுவில் அவளுக்கென்று யாரும் இடம் விடவில்லை. ஜெயராணி முன் மேசையில் தன் டப்பாவைத் திறந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மூன்று மணி வரை பேச வேண்டியிருந்தது.